எங்க வீட்டுத் தலை

ஹேமின் என்றால் குர்து மொழியில் சாந்தமானவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து ஆளைப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். குர்து ஊரான சுலைமானியாவின் கடைவீதியில் அவனைப்போலப் பயந்தவன் இன்னொருவன் கிடையாது. லிஃப்டில் ஏற மாட்டான். இடி இடித்தால், தேனும் அக்ரூட்டும் விற்கிற தன் கடைக்குள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வான். கல்யாணத்தன்று யாரோ வாசலில் வெடி போட்டதற்கு மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன் என்று அவன் வீதிக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மணப்பெண் ஷ்னோ. வங்கியில் வேலை, வாயில் மிளகாய். "புருஷன்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க, பிரிச்சுப் பார்த்தா முயல்" என்பாள்.

இப்படிப்பட்டவனுக்குப் பிள்ளை பிறந்தால் என்ன ஆகும்? தூங்குகிற குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே வேலையாகிப்போயிற்று. பையனுக்கு மலையின் பெயரை, ஷாஹோ என்று வைத்தார்கள். தகப்பனுக்கு இல்லாத தைரியம் பெயரிலாவது இருக்கட்டும் என்று ஷ்னோ தேர்ந்தெடுத்த பெயர் அது.

அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆள் குலாலா. ஹேமினின் அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தம்பிகளை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள நேரமே வாய்க்கவில்லை, அல்லது அப்படித்தான் அவள் சொல்வாள். ஷ்னோ வங்கிக்குத் திரும்பிய நாளிலிருந்து ஷாஹோ அவள் கையில்தான். பரணில் கிடந்த மரப்பலகைக் கட்டுத் தொட்டிலை இறக்கித் துடைத்து, குறுக்குக் கம்பில் நீலமணியைத் தொங்கவிட்டு, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சுக்கு ஒரு பட்டை, காலுக்கு ஒரு பட்டை என்று சுற்றிக் கட்டி ஆட்டினாள் என்றால் அவன் மணிக்கணக்காக அசையாமல் தூங்குவான். அவள் ரொட்டிக்கு மாவு பிசைவாள், திராட்சை இலையில் அரிசி பொதிவாள், இடையிடையே காலால் தொட்டிலை ஒரு தட்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

ஷாஹோவுக்கு ஆறு மாதம் முடிந்து, குளிப்பாட்டுகிற ஒரு வெள்ளிக்கிழமை. ஷ்னோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மேலிருந்து பார்த்தால் அவன் தலை நீளத்தைவிட அகலமாக இருந்தது. பின்பக்கம் வீட்டுச் சுவர் மாதிரி நேராக இறங்கியது. இத்தனை நாள் எப்போதும் தலையில் குல்லா. குளிர், கண்ணேறு, இரண்டுக்கும் குல்லா. அதைக் கழற்றிக் குளிப்பாட்டுவதும் எப்போதும் குலாலா. ஷ்னோவுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் செல்போனை ஹேமினின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏதோ ஊரில் ஒரு குழந்தை, தலையில் வெள்ளை ஹெல்மெட்.

"இது என்ன, மோட்டார் சைக்கிள் ஓட்டுதா?"

"தலை சப்பையா இருந்தா இதைப் போட்டுச் சரிபண்றாங்க. ஒரு வயசுக்குள்ள போடணும். அப்புறம் எலும்பு கெட்டிப்பட்டுடுமாம், ஒண்ணும் செய்ய முடியாதாம்."

"நம்ம பையனுக்கு எதுக்கு? அது எங்க வீட்டுத் தலை. என்னைப் பாரு."

அவன் தொப்பியைக் கழற்றித் திரும்பிக் காட்டினான். உண்மைதான். அவன் தலையும் பின்னால் தட்டைதான். குலாலாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

"எங்க அப்பா தலையைப் பார்த்திருக்கணும் நீ. தலைப்பாகை கட்டினா காத்தடிச்சாலும் நகராது. ஆம்பளைக்குத் தலை அப்படித்தான் இருக்கணும். பின்னாடி புடைச்சுக்கிட்டு இருந்தா பூசணிக்காய்."

"பூசணிக்காயா இருந்தாலும் பரவாயில்லை அக்கா. இது தட்டு மாதிரி இருக்கு."

"உன் தலைக்கு நான் பலியாகணும் என் கண்ணே" என்று குலாலா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹேமின் சிரித்துப் பேசினானே தவிர, உள்ளுக்குள் பயந்துவிட்டான். அதற்கு அவனிடம் தனிக் காரணம் இருந்தது. கடையில் அவன் எதற்கெடுத்தாலும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவன். "ஷாஹோ தலைமேல ஆணை, இது ஹவ்ராமான் மலைத்தேன்" என்பான். தேனில் பாதி மலையிலிருந்து வந்ததுதான். மீதி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் கொடுத்தவனுக்கும் தெரியும். அத்தனை பொய்ச் சத்தியத்தையும் தாங்கித்தான் பிள்ளையின் தலை நசுங்கிவிட்டதோ? படித்தவர்கள் சிரிக்கலாம். அவன் அன்று ராத்திரி சாப்பிடாமலே எழுந்துவிட்டான்.

ஷ்னோ விசாரித்ததில், அந்த ஹெல்மெட்டைச் செய்கிறவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குக் கட்டைக் கால் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று. எல்லை மலைகளில் இன்னும் வெடி புதைந்து கிடக்கிற ஊரில் அந்தத் தொழிலுக்கு ஓய்வு ஏது? சுவர் முழுக்கக் கால்கள் தொங்கின. பெரிய கால், சின்னக் கால், செருப்பு மாட்டிய கால். ஹேமின் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான். உண்மையில் பொத்திக்கொள்ள வேண்டியது அவன் கண்ணை.

பட்டறைக்காரர் ஷாஹோவின் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "செஞ்சிடலாம். நாள் முழுக்கப் போட்டிருக்கணும், குளிக்கும்போதுதான் கழற்றலாம். ஆனா டாக்டர் கடுதாசி இல்லாம நான் தொட மாட்டேன் மகளே. எலும்பு மூடியிருந்தா இதைப் போடறது பாவம்."

"எலும்பு மூடறதுன்னா?" என்று ஹேமின் கேட்டான்.

"அதை டாக்டர் சொல்வாங்க" என்று அவர் ஒரு முழங்காலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு போதும், பயந்தவன் நாலு நாள் தூங்காமல் இருக்க.

டாக்டர் ஷிலான் இந்த ஊர்ப் பெண்தான், ஆனால் கைக்குழந்தையாக ஸ்வீடனுக்குப் போய் அங்கேயே படித்து வளர்ந்து திரும்பியவள். குர்து பேசுவாள், நடுவில் வார்த்தை கிடைக்காமல் விரலைச் சொடுக்குவாள். குழந்தையைக் கொஞ்சி, தலையைத் தடவி, அளவு நாடாவால் சுற்றி அளந்தாள்.

"பிள்ளையை எப்படிப் படுக்க வைக்கிறீங்க?"

"எல்லார் வீட்டுலேயும் போலத்தான் டாக்டர்" என்றான் ஹேமின்.

"மல்லாக்கவா?"

"ஆமாங்க, மல்லாக்கத்தான்."

"நல்லது. குப்புறப் போடக்கூடாது." அவள் எழுதிக்கொண்டாள். "சரி, குடும்பத்துல வேற யாருக்காவது தலை இந்த மாதிரி இருக்கா?"

நுணலும் தன் வாயால் கெடும். இதுவரை பயந்து பயந்து பதில் சொன்னவனுக்கு, தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்ட சந்தோஷம். தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாருக்கும் டாக்டர்! எனக்கு இருக்கு, பாருங்க. எங்க அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு. என் அக்காவுக்கும் இதே தலைதான். எங்க வம்சத் தலை. ஊர்ல பின்னாடியிருந்து பார்த்தே சொல்லிடுவாங்க, இவன் இன்னார் வீட்டுப் பையன்னு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். எழுந்து வந்து அவன் தலையையும் தடவினாள். அவள் முகம் மாறியதை ஷ்னோ பார்த்தாள். ஹேமின் பார்க்கவில்லை, அவன் இன்னும் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உட்காருங்க" என்றாள் டாக்டர். "குழந்தைக்கு மண்டை ஓடு ஒரே எலும்பா இருக்காது. துண்டு துண்டா இருக்கும், நடுவுல கோடு விட்டிருக்கும். மூளை வளர அந்தக் கோடுகள் இடம் கொடுக்கும். சில குடும்பங்கள்ல அது சீக்கிரமே மூடிக்கும். ரத்தத்துலேயே வர்றது. அப்படி மூடியிருந்தா ஹெல்மெட் உதவாது."

"வேற என்ன உதவும்?" ஷ்னோ கேட்டாள்.

"ஆபரேஷன். மண்டை ஓட்டைத் திறந்து, எலும்பை வெட்டி மாத்தி வைக்கணும். இல்லைன்னா வளர வளர உள்ளே அழுத்தும். கண்ணு பாதிக்கலாம், இன்னும் பலதும். இப்பவே பயப்படாதீங்க. முதல்ல மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் ஹெல்மெட் பேச்சே வேண்டாம்."

இப்பவே பயப்படாதீங்க! இதைவிடப் பயமுறுத்துகிற வார்த்தை எந்த மொழியிலும் இல்லை.

ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் இடம் கிடைத்தது. அந்த வாரத்தை ஹேமின் எப்படிக் கழித்தான் என்று கடைவீதிக்குத் தெரியும். முதலில் சத்தியத்தை நிறுத்தினான். அது அவன் நினைத்ததுபோல எளிதாக இல்லை. இருபது வருஷமாக அவனிடம் வாங்குகிற ஒரு கிழவர் தேனை விரலில் தொட்டு நக்கிவிட்டு நின்றார்.

"என்னடா, சுத்தமானதுதானா?"

"சுத்தமானதுதான் ஐயா."

"தலைமேல ஆணையிடலையே?"

"சுத்தமானதுன்னு சொல்றேனே."

"எப்பவும் நான் கேக்காமலே ஆணையிடுவே. இன்னிக்குக் கேட்டும் இடமாட்டேங்கிறே. அப்போ ஏதோ கலந்திருக்கு." கிழவர் தேனை வைத்துவிட்டுப் போய்விட்டார். நேர்மையாக இருந்த முதல் நாளே வியாபாரம் படுத்தது.

அடுத்தது, தலைகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் தலை. ரொட்டி சுடுகிறவன் தலை, பேரம் பேசுகிறவன் தலை, தொழுகையில் தனக்கு முன் வரிசையில் குனிகிற தலைகள். வயதானவர்களில் பாதிப்பேருக்குப் பின்பக்கம் தட்டையாக இருந்தது. அதைப் பார்த்து வேறொருவனுக்கு வேறு யோசனை வந்திருக்கும். இவனுக்கு வந்ததெல்லாம், ஐயோ எங்கள் வம்சம் இவ்வளவு பரவிக் கிடக்கிறதே, எல்லாருமே சொந்தம் போலிருக்கிறதே என்பதுதான்.

குலாலாவிடம் அவன் 'போட்டோ எடுக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். ஷ்னோதான் ஒரு சாயங்காலம் உள்ளதைப் போட்டு உடைத்தாள். ஆபரேஷன் என்றதும் குலாலா கையிலிருந்த தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை மண்டையைத் திறப்பாங்களா? யாரு, அந்த ஸ்வீடன் பொண்ணா?"

"அவங்க இல்ல, வேற டாக்டர். எலும்பு மூடியிருந்தாத்தான். அதைப் பார்க்கத்தான் போறோம்."

"பால்குடி மறக்காத பிள்ளை! நீ அம்மாவா, கசாப்புக்காரியா?"

"மூடியிருந்து திறக்காம விட்டாத்தான் நான் கசாப்புக்காரி."

இரண்டு பெண்களும் அழுதார்கள். ஹேமின் இருவருக்கும் நடுவில் நின்று இருவரையும் சமாதானப்படுத்தப் போய், தானும் அழுதான். மறுநாளிலிருந்து குலாலா தொட்டிலுக்குப் புதுத் திண்டு தைத்துப் போட்டாள். தலை கொஞ்சமும் அசையக் கூடாது, அசைந்தால் எலும்புக்கு ஆகாது என்று இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அண்டக் கொடுத்தாள். பட்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். தொட்டிலை ஆட்டும்போது ஓதிக்கொண்டே ஆட்டினாள். அவளால் முடிந்ததை எல்லாம் அவள் செய்தாள்.

ஸ்கேன் நாளன்று கார் கொண்டு வந்தவன் ரேப்வார். ஹேமினின் தம்பி, அர்பில் நகரத்தில் கார் பழுது பார்ப்பவன். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஊரே ராணுவத்துக்குப் பயந்து இரான் எல்லையைப் பார்த்து ஓடிய வசந்தத்தில், வழியில் பிறந்தவன். வழிப்போக்கன் என்று பொருள்படத்தான் அந்தப் பெயர். வீட்டில் அவன் மட்டும் கேலிக்காரன்.

"என்னண்ணே, முகம் ஏன் மோர் மாதிரி வெளுத்திருக்கு? ஸ்கேன் பிள்ளைக்கா உனக்கா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா."

மயக்க மருந்து கொடுப்பதால் காலையிலிருந்து ஷாஹோவுக்குப் பால் கிடையாது. பசியில் அவன் காரெல்லாம் கத்தினான். ஆஸ்பத்திரி நடைபாதையெல்லாம் கத்தினான். ஷ்னோவின் மார்பைத் தேடி மூஞ்சியை முட்டினான். அவள் திரும்பி நின்றுகொண்டு ரேப்வார் கையில் கொடுத்தாள், அவன் குலாலாவிடம் கொடுத்தான், குலாலா ஹேமினிடம். ஊசி போடும் அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்று நர்ஸ் சொன்னபோது பிள்ளை ஹேமினின் கையில் இருந்தது. ஷ்னோ அவனைப் பார்த்தாள். அவன் போகமாட்டான் என்று அவள் முடிவுகட்டிக் கையை நீட்டியபோது, அவன் உள்ளே போய்விட்டான். தைரியத்தால் அல்ல. அந்தப் பிள்ளையைக் கைமாற்றவே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஊசி ஏறியது. கத்திக்கொண்டிருந்த பிள்ளை பாதிக் கத்தலில் நின்றான். கழுத்து மடங்கியது. கை, துணிபோலத் தொங்கியது. இவ்வளவு நேரம் அழுகையை நிறுத்து, நிறுத்து என்று வேண்டிக்கொண்டவன், இப்போது யா அல்லா ஒரே ஒரு தரம் அழ வை என்று வேண்டினான்.

"தூங்குறான், அவ்வளவுதான். அந்த மேடையில படுக்க வைங்க" என்றாள் நர்ஸ்.

வைக்கக் கை வரவில்லை. அவள்தான் விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளை வளையத்துக்குள்ளே பிள்ளையின் சின்னத் தலை போனதை அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். என் பொய்க்கு என் தலையை எடுத்துக்கொள், அவன் தலையை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே நின்றான். உள்ளங்கை அவனுடைய பின்தலையிலேயே ஒட்டிக்கிடந்தது.

டாக்டர் ஷிலான் அவர்கள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு மண்டை ஓடு சுழன்றது. அது தன் பிள்ளையுடையது என்று புரிந்ததும் ஹேமின் வாசலைப் பார்க்கத் திரும்பினான். ரேப்வார் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினான்.

"இங்கே பாருங்க. இந்தக் கோடு, இது, இது. எல்லாமே திறந்திருக்கு. ஒண்ணுகூட மூடலை. ஆபரேஷன் வேண்டாம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஷ்னோ அப்படியே தரையில் உட்கார்ந்து, மடியில் இன்னும் மயக்கம் தெளியாமல் கிடந்த ஷாஹோவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குலாலா இரண்டு கையையும் மேலே தூக்கி நன்றி சொன்னாள். ஹேமின் டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டான், பிறகு தவறுதலாக நர்ஸின் கையையும்.

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை" என்றாள் டாக்டர். "ரத்தத்துல வர்றது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ உங்க வீட்டுல எல்லாருக்கும் எப்படி ஒரே மாதிரி?"

ஷ்னோ தலையைத் தூக்கினாள். ஏதோ யோசித்தவள்போலத் தன் கொண்டையை அவிழ்த்தாள்.

"டாக்டர், என் தலையைத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டாள். "உங்களுக்கும் தட்டைதான்!"

"நான் இவங்க ரத்தம் இல்லையே. நான் வேற ஊர், கிர்கூக்காரி. கொண்டை போட்டா தெரியாது, அவ்வளவுதான்."

டாக்டரின் பார்வை ஒவ்வொரு தலையாகப் போய், ஹேமினுக்குப் பின்னால் நின்றவனிடம் வந்து நின்றது.

"இவரு?"

"தம்பி" என்றான் ஹேமின்.

"கூடப் பிறந்த தம்பியா? கொஞ்சம் திரும்புங்க." ரேப்வார் திரும்பினான். அவன் தலை பின்னால் உருண்டு திரண்டு இருந்தது. "இவருக்கு மட்டும் உருண்டையா இருக்கே?"

"என்னை வழியில பொறுக்கிட்டு வந்தாங்க டாக்டர்" என்று ரேப்வார் வீட்டில் வழக்கமாகச் சொல்கிற கேலியைச் சொன்னான். குலாலா சிரிக்கவில்லை. யாரோ குற்றம் சாட்டியதுபோல முன்னால் வந்தாள்.

"அது என் தப்பு டாக்டரம்மா. அவன் தலையை நான்தான் கெடுத்துட்டேன். ஊரை விட்டு ஓடினபோது தொட்டிலை எடுத்துக்கிட்டுப் போக முடியலை. அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்குப் பதினாறு வயசு. இவனை முதுகுல சால்வையில கட்டிக்கிட்டே மலை ஏறினேன். அங்கே போயும் கூடாரம். மாசக்கணக்கா முதுகுலேயேதான் கிடந்தான். நாங்க ஊர் திரும்பி நான் தொட்டில்ல கட்டினப்போ தலை புடைச்சே போச்சு, அமுங்கவே இல்லை. அதனாலதான் இந்தப் பிள்ளையை ஒரு நாள்கூட விடாம..."

அவள் நிறுத்தினாள். பட்டையைச் சுற்றிக் கட்டுவதைக் காட்ட உயர்ந்த அவள் கைகள் அப்படியே நின்றன.

"கட்டினதா?" டாக்டர் மெதுவாகக் கேட்டாள். "தொட்டில்ல கட்டுவீங்களா? தலையைத் திருப்ப முடியாதா?"

"திருப்பவே முடியாது" என்று குலாலா சொன்னாள். ஒரு வாரத்துக்கு முன் என்றால் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

டாக்டர் ஷிலான் வார்த்தை தேடி விரலைச் சொடுக்கினாள். கிடைத்தது சாதாரண வார்த்தைகள்தான். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இவரு தலைதான் பிறந்த மாதிரியே இருக்கு. மத்ததெல்லாம் தொட்டில் பலகை செஞ்சது. அதனால உயிருக்கு ஒண்ணும் ஆகாது, நீங்கள்லாம் நல்லாத்தானே இருக்கீங்க. ஆனா இவனுக்கு ரொம்பவே அமுங்கியிருக்கு. கட்டறதை நிறுத்துங்க. ஹெல்மெட் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போட்டா இப்ப போட்டாத்தான் பலன்."

"போடறோம்" என்றாள் ஷ்னோ.

குலாலா ரேப்வாரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக விருந்தாளி வந்தால் 'குல்லாவைப் போடுடா' என்று அவள் மறைத்து மறைத்து வைத்த தலை. "அப்போ இவனை நான் கெடுக்கலையா?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். ஷ்னோவின் மடியில் ஷாஹோ கண் விழித்து, பசி ஞாபகம் வந்து, வழக்கம்போல அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தான். அவள் இரண்டு கையையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. தொட்டிலைப் பிரித்து விறகுக் கொட்டகையில் போட்டாள். சமைத்தாள், துவைத்தாள், பேச்சுக்குப் பேச்சு பதிலும் சொன்னாள். பிள்ளை தவழ்ந்து வந்து பாவாடையைப் பிடித்தால் மட்டும் விலகி வேறு அறைக்குப் போனாள். ஷ்னோ வங்கியில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

"நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா அக்கா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"நீ சொல்லலை பொண்ணே. எனக்கே பயமா இருக்கு. இந்தக் கை எதைத் தொட்டா என்ன ஆகுமோ."

வீட்டில் பயத்துக்கு மொத்தக் குத்தகை எடுத்திருந்தவன் ஹேமின். இப்போது அதில் பங்குக்கு ஒருத்தி வந்துவிட்டாள், அதுவும் அவன் வாழ்நாளில் பயந்தே பார்த்திராத ஒருத்தி. அவள் பயப்படுவதைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட அவனுக்குப் பயமாக இருந்தது. இடி இடித்தபோதெல்லாம் அவன் ஓடிப்போய் நின்ற இடம் அவளல்லவா?

ஹெல்மெட் தயாரானதும் அவளை வம்படியாக ரேப்வாரின் காரில் ஏற்றிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான். தொங்குகிற கால்களுக்கு நடுவே, வாசலோரமாக அவள் நின்றாள். பட்டறைக்காரர் வெள்ளை ஹெல்மெட்டை விரித்து ஷாஹோவின் தலையில் ஏற்றி, வாரைப் பூட்டினார். ஒரு கணம் அவன் கண்ணை உருட்டிப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தானே பார்க்கலாம். பட்டறையில் காலுக்கு அளவு கொடுக்க வந்திருந்த ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். ஷ்னோ தட்டிக் கொடுத்தாள், பால் கொடுத்தாள், தோளில் போட்டு நடந்தாள். அவன் தலையை அவள் தாடையில் இடித்துக்கொண்டு இன்னும் கத்தினான். ஹேமின் வாங்கினான். பிள்ளை மூஞ்சி சிவந்து நீலம் பாய்கிற வரைக்கும் கத்தினான்.

"கழட்டிடுங்க" என்றான் ஹேமின். அவன் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. "மூச்சு நின்னுடும். வேண்டாம், கழட்டிடுங்க. தலை தட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இப்போ கழட்டினா அப்புறம் போடவே விடமாட்டான்" என்றார் பட்டறைக்காரர்.

ஹேமினின் விரல்கள் வாரைத் தேடின. ஷ்னோ அவன் கையைப் பிடித்தாள், அவன் உதறினான். அப்போதுதான் வாசலில் நின்றவளை அவன் பார்த்தான். கடையிலும் வீட்டிலும் எது முடியாமல் போனாலும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான்.

"அக்கா! என்னால முடியலை. நீ வா."

குலாலா அசையவில்லை. பிள்ளை கத்தினான். அவள் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஹேமின் நடந்து போய், கத்துகிற பிள்ளையை அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டால் அவள் பிடிக்காமல் எங்கே போவாள்? பிடித்தாள். சால்வையை உருவினாள். பிள்ளையை முதுகுப் பக்கம் ஏற்றி, சால்வையைச் சுற்றி, நெஞ்சில் முடிச்சுப் போட்டாள். ஹெல்மெட் போட்ட தலை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு கத்தியது.

அவன் அழுகையை நிறுத்தவில்லை. காரில் ஏற அவள் மறுத்துவிட்டாள். கடைவீதி வழியே நடந்தாள். காரை அங்கேயே விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் கூட நடந்தார்கள். ஆட்கள் கடையைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். "மோட்டார் சைக்கிள் எங்கேடா?" என்று யாரோ ஹேமினைக் கேட்டார்கள். அவன் காதில் அது விழவில்லை.

"அக்கா, இன்னும் அழறான். ஏதாவது ஆயிடப்போகுது, இறக்கு" என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

"அழட்டும்" என்றாள் குலாலா, திரும்பாமல். "அன்னிக்கு ஓடினப்போ மலைப்பாதையில நாங்க இறக்கி வெச்சது எல்லாம் அழுகை நின்னுபோன பிள்ளைங்களைத்தான்."